தலைக்குக் குளித்த அன்றே பிசுபிசுப்பு ஏன்?

எண்ணெய் வழியும் தலை பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு இந்த முறை பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தினமும் ஷாம்பு போட்டால் தலை இன்னும் அதிகமாக எண்ணெய் விடும், இடைவெளி விட்டுப் பழக்கினால் சுரப்பு தானாகக் குறையும் என்கிறார்கள். மூன்று வாரம் தண்ணீரில் மட்டும் அலசிப் பார்த்தேன். பசை குறையவில்லை; அரிப்பும் வாடையும்தான் மிச்சம். இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். இன்றைக்கே ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளியுங்கள்.

ஒவ்வொரு முடியின் வேர்க்காலோடும் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. அதிலுள்ள செல்கள் கொழுப்பை நிரப்பிக்கொண்டே வந்து, கடைசியில் உடைந்து அந்தக் கொழுப்போடு கொழுப்பாக வெளியேறுகின்றன. இதைத்தான் சீபம் என்கிறோம். ஒரு செல் உருவாகி, நிரம்பி, உடைய ஓரிரு வாரம் பிடிக்கும். அதாவது இன்று உங்கள் தலையில் வழிவது, இன்று காலை ஷாம்பு போடுவதற்கு வெகு முன்பே தயாராகத் தொடங்கிய சரக்கு. எவ்வளவு தயாரிப்பது என்பதை முக்கியமாக ஆண்ட்ரோஜென் எனும் ஆண்பால் ஹார்மோன்களும் (பெண்களுக்கும் கொஞ்சம் சுரக்கும்) பரம்பரையும் தீர்மானிக்கின்றன. மேலே எண்ணெயைக் கழுவிவிட்டார்கள் என்பதற்காகச் சுரப்பி கூடுதலாக வேலை செய்வதில்லை. கழுவாமல் விட்டதற்காக அடங்குவதும் இல்லை. அதைப் பழக்க முடியாது.

பிறகு ஏன் சிலருக்குப் பலன் கிடைத்த மாதிரி இருக்கிறது? கழுவாமல் விட்டால் உச்சியில் சேர்ந்த எண்ணெய் சீவச் சீவ நுனிவரை பரவிவிடும். தலை முழுக்க ஒரே சீராக இருப்பதால் கண் அதற்குப் பழகிவிடுகிறது. நன்றாகக் கழுவிய முடியிலோ சிறிது எண்ணெய் ஏறினாலும் பளிச்சென்று தெரியும்.

உங்களுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை தேவை என்று தெரிந்துகொள்ள ஒரு மெல்லிய டிஷ்யூ தாள் போதும். தலைக்குக் குளித்து, முடி முழுக்கக் காய்ந்த பிறகு எதையும் தடவாதீர்கள். 12 மணி நேரம், 24 மணி நேரம், 48 மணி நேரம் கழித்து, ஒவ்வொரு முறையும் புதுத் தாளை வகிட்டில் 10 விநாடி அழுத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அழுத்த வேண்டியது தோலில், முடியின் மேல் அல்ல. ஒளி ஊடுருவுகிற திட்டு தெரிந்தால் அது எண்ணெய். தண்ணீரோ வியர்வையோ பட்ட ஈரம் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். எண்ணெய்த் திட்டு அப்படியே நிற்கும். 24 மணி நேரத்தில் திட்டு பெரிதாக விழுந்தால் தினமும் குளிப்பதில் தவறே இல்லை. 48 மணி நேரத்தில்தான் விழுகிறது என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள்.

மெல்லிய, நேரான முடி உள்ளவர்களுக்குப் பொதுவாக அடிக்கடி தேவைப்படும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல நேர் முடியில் பசை சட்டென்று கீழிறங்கும். சுருட்டை முடியில் அது வளைவுகளில் தயங்கி நின்றுவிடும். சுரப்பு இருவருக்கும் ஒன்றாகவே இருந்தாலும், முதலாமவர் தலைதான் எண்ணெய்த் தலையாகத் தெரியும்.

கேள்வி: எனக்கு மறுநாள்வரைகூடத் தாங்குவதில்லை. குளித்து முடி காய்ந்ததுமே பின் உச்சியில் மெழுகு பூசியது போலப் பிசுக்கு. விலை உயர்ந்த ஷாம்புக்கு மாறியும் இதே கதை.

காய்ந்த உடனேயே பிசுக்கு என்றால் சுரப்பியைச் சந்தேகிக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அவ்வளவு எண்ணெயை அதனால் ஏற்ற முடியாது. அது கழுவாமல் விட்டுப்போன பழைய எண்ணெய், அல்லது நீங்களே பூசிய கண்டிஷனர். பின் உச்சி, காதுக்குப் பின்புறம், பிடரி ஆகிய மூன்று இடங்களில் மட்டும் பிசுக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால், ஷாம்பு அங்கே போய்ச் சேரவே இல்லை என்று பொருள். முன் நெற்றியிலும் நடு உச்சியிலும் தேய்த்துவிட்டு, வழிகிற நுரை மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்று விடுகிறவர்களே அதிகம்.

குளிக்கும் முன், உலர்ந்த முடியைச் சிக்கெடுத்துவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் குறைந்தது ஒரு நிமிடம், விரல்களால் முடியைப் பிரித்துப் பிரித்துத் தோல்வரை நனையுங்கள். எண்ணெய்த் தலையில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும். மேல்முடி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், அடித்தோல் உலர்ந்தே கிடக்கும். பிசுக்கு பாதி நேரம் இங்கேதான் தொடங்குகிறது.

குட்டை முடிக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. ஷாம்பு. தோளைத் தாண்டிய முடிக்கு இரண்டு. அதை உள்ளங்கையில் சம அளவு தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் உச்சியில் கொட்டாமல் பிடரி, இரு காதுகளின் பின்புறம், பின் உச்சி, கடைசியாக முன் நெற்றி என்று பங்கு போடுங்கள். பிடரியில் தொடங்குவது முக்கியம். கடைசிக்கு வைத்தால் அதற்கு ஷாம்பு மிஞ்சாது. நகம் படாமல் விரல் நுனிச் சதையால் ஒரு நிமிடம் தேய்க்க வேண்டும். நுனி முடியைத் தனியாகத் தேய்க்கத் தேவையில்லை, அலசும்போது இறங்கும் நுரையே அதற்குப் போதும்.

முதல் முறை நுரை சரியாக வராது. வெண்மையாகக் கொஞ்சம் கிளம்பி, அடுத்த நொடி முடியோடு வழுவழுவென்று அமுங்கிவிடும். ஷாம்பு மட்டம் என்று நினைத்து இன்னும் ஊற்றாதீர்கள். எண்ணெய் நுரையைக் கொல்லும். அமுங்குகிறது என்றால் ஷாம்பு எண்ணெயைப் பிடித்துவிட்டது. அலசிவிட்டு, முதலில் எடுத்ததில் பாதி அளவை இரண்டாம் முறை போடுங்கள். இப்போது நுரை பொங்கி நிற்கும். பசை மிகுந்த தலைக்கு ஒரே முறையில் நிறைய ஊற்றுவதைவிட, கொஞ்சமாக இரண்டு முறை போடுவதுதான் வேலை செய்யும். பிறகு ஒன்றரை, இரண்டு நிமிடம் நன்றாக அலசுங்கள்.

கண்டிஷனரைக் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் போடுங்கள். அதன் வேலையே முடியில் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பைத் தருவது. வேரில் பட்டால் அது பிசுக்காகத்தான் தெரியும். கடைசியாகப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஷாம்புவின் சேர்மானப் பட்டியலில் டைமெதிகோன் என்ற வழுவழுப்பான சிலிக்கோன் இருந்தால் அது கண்டிஷனர் சேர்ந்த 'டூ இன் ஒன்' வகை. வறண்ட முடிக்கு நல்லது, உங்களுக்கு வேண்டாம். விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. விலை கூடினால் மென்மையாக்கும் பொருள்கள் கூடுவதும் உண்டு.

கேள்வி: குளியல் சோப்பையே தலைக்கும் போடுகிறேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் உப்புத் தண்ணீர். முடி பிசின் போல் ஒட்டுகிறது.

சோப்பை நிறுத்தினாலே பாதி தீரும். கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நீரில் கரையாத படிவாகின்றன. வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் உங்கள் முடியிலும் படிகிறது. போதாததற்கு சோப்பின் காரத்தன்மை 9 முதல் 10 பி.எச். அளவில் இருக்கும் (7-க்கு மேல் காரம், கீழே அமிலம்), தலைத் தோலுக்கு ஏற்றது 5.5-ஐ ஒட்டிய அளவு. ஷாம்பு இப்படிப் படிவதில்லை. ஏற்கெனவே சேர்ந்ததை எடுக்க, இ.டி.டி.ஏ. (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) உள்ள 'கிளாரிஃபையிங்' ஷாம்புவை, அதாவது படிவு நீக்கும் ஷாம்புவை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடலாம். அதையே தினமும் போட்டால் முடி வைக்கோலாகிவிடும்.

கேள்வி: வேரில் எண்ணெய் வழிகிறது, சாயம் பூசிய நுனியோ வறண்டு பிளக்கிறது. எதற்கு வைத்தியம் பார்ப்பது?

இரண்டுக்கும் தனித்தனியாக. ஷாம்புவைத் தலையின் தோலைப் பார்த்து வாங்குங்கள், கண்டிஷனரை நுனியைப் பார்த்து வாங்குங்கள். நுனி மிகவும் மோசமாக இருந்தால், ஷாம்புக்கு முன்பே நனைந்த நுனியில் கொஞ்சம் கண்டிஷனர் தடவிவிட்டுப் பிறகு வேரில் ஷாம்பு போடுங்கள். இறங்கிவரும் நுரை நுனியை அதிகம் உறிஞ்சாது. குளித்த பின் வழக்கம்போல நுனிக்கு மறுபடி கண்டிஷனர். பிளந்துவிட்ட நுனியை எதுவும் ஒட்டவைக்காது, அதை வெட்டத்தான் வேண்டும்.

கேள்வி: தலை எண்ணெயாக இருக்கிறது, கூடவே மஞ்சளாகச் செதில் செதிலாக உதிர்கிறது, அரிப்பு. வறட்சி என்று நினைத்து எண்ணெய் தடவினேன், இரண்டு நாளில் அதிகமாகிவிட்டது. பொடுகு ஷாம்பு போட்டால் குறைகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது.

உதிர்வதெல்லாம் வறட்சி அல்ல. வறண்ட தோல் சின்னச் சின்ன வெள்ளைத் தூளாக உதிரும், தோளில் தட்டினால் பறக்கும். பெரிதாக, மஞ்சள் சாயலோடு, முடியில் ஒட்டிக்கொண்டு, கீறினால் நகக்கண்ணில் மெழுகாகத் தங்குவது செபொரிக் டெர்மடைட்டிஸ், அதாவது பொடுகின் கடுமையான வடிவம். மூக்கின் ஓரம், புருவம், காதுக்குப் பின், ஆண்களுக்குத் தாடி ஆகிய இடங்களிலும் சிவந்து செதில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நம் எல்லோருடைய தோலிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் வாழ்கிறது. அது சீபத்தை உடைத்து, தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொண்டு, ஓலிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் வைக்கிறது. சிலரின் தோலுக்கு அந்த மிச்சம் ஒத்துக்கொள்வதில்லை. எரிச்சலுற்று அவசர அவசரமாகச் செல்களை உதிர்க்கிறது. தாவர எண்ணெய்கள் பெரும்பாலானவற்றில் அந்த ஈஸ்டுக்குத் தேவையான கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. நீங்கள் தடவியது மருந்தாகப் போகவில்லை, அதற்குத் தீனியாகப் போயிருக்கிறது. குணமாகும்வரை தலையில் எண்ணெய் வேண்டாம்.

கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பு இதற்கு நம்பகமானது. பலர் தவறு செய்வது போடும் முறையில்தான். முதலில் சாதாரண ஷாம்புவால் எண்ணெயை எடுத்துவிடுங்கள். பசை மேல் போட்டால் மருந்து தோலைத் தொடாது. பிறகு மருந்து ஷாம்புவை முடியில் அல்லாமல் தோலில் தேய்த்து, கடிகாரத்தைப் பார்த்து 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசுங்கள். வாரம் இரண்டு முறை, 2 முதல் 4 வாரம். செதில் போனதும் நிறுத்திவிடக் கூடாது: அதன்பின் ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு முறை தொடர வேண்டும். ஈஸ்டைத் தோலிலிருந்து நிரந்தரமாக விரட்ட முடியாது, அதனால்தான் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. இடைப்பட்ட நாள்களில் வழக்கமான ஷாம்பு போடலாம். செலினியம் சல்ஃபைடும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சாயம் பூசிய முடியின் நிறத்தை மாற்றக்கூடும், உலோக நகைகளைக் கழற்றிவிட வேண்டும், சிலருக்குப் பிசுபிசுப்பைக் கூட்டவும் செய்யும். செதில் அப்பளமாகத் திரண்டிருந்தால் சாலிசிலிக் அமிலம் சேர்ந்த ஷாம்பு அதை முதலில் இளக்கும்.

நான்கு வாரம் முறையாகப் போட்டும் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளி போல் மினுக்கும் தடித்த செதில் முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கு வந்தால் அது சோரியாசிஸாக இருக்கலாம். வட்டமாக முடி ஒடிந்து விழுந்தால், அதுவும் குழந்தைக்கு என்றால், காத்திருக்கவே வேண்டாம். தலையில் வரும் படர்தாமரை ஷாம்புக்கு அடங்காது, உள்ளுக்கு மாத்திரை தேவை.

கேள்வி: எண்ணெய்ப் பசையால் வேர்க்கால் அடைத்து முடி கொட்டுமா? வாரம் ஒரு முறை குளிக்கும்போது கைநிறைய வருகிறது.

சீபம் அடைத்து வழுக்கை விழாது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. ஒரு வாரத்து உதிரி முடிகள் சிக்கி நின்று, அலசும் நாளில் மொத்தமாகக் கையோடு வருகின்றன. அடிக்கடி குளித்தால் ஒவ்வொரு முறையும் குறைவாகத் தெரியும், மொத்தம் மாறாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எண்ணெய்ச் சுரப்பைத் தூண்டும் ஆண்ட்ரோஜென்தான் பரம்பரை வழுக்கைக்கும் காரணம், அதனால் இரண்டும் ஒரே தலையில் சேர்ந்து வரலாம். வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ, முன்நெற்றி ஏறினாலோ அதற்குத் தனியாகச் சிகிச்சை பார்க்க வேண்டும்.

கேள்வி: குளிக்க நேரமில்லாத நாளில் டிரை ஷாம்பு அடிக்கிறேன். வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கிறது. தினமும் அடிக்கலாமா?

அதில் இருப்பது ஸ்டார்ச்சும் சிலிக்காவும். எண்ணெயை உறிஞ்சும், ஆனால் எதையும் வெளியே கொண்டுபோகாது. திட்டு நிற்பதற்குக் காரணம் மிக அருகில் அடிப்பது. 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, முடியை வகிடு வகிடாகப் பிரித்து வேரில் மட்டும் அடியுங்கள். உடனே தேய்க்காமல் இரண்டு நிமிடம் விடுங்கள், அது உறிஞ்சவே அந்த நேரம். பிறகு விரல்களால் கலைத்து நன்றாகச் சீவிவிடுங்கள். ஈரத் தலையில் அடித்தால் மாவாகக் குழைந்துவிடும். ஷாம்பு போடாமல் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். பழைய பொடியும் எண்ணெயும் சேர்ந்து தோலில் படிந்தால் அரிப்பு வரும்.

2022-இல் அமெரிக்காவில் சில ஏரோசால் டிரை ஷாம்புகள், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் கலந்திருக்கக்கூடும் என்பதால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சந்தேகம் வந்தது அடைத்திருந்த உந்துவாயுவின் மேல். ஸ்ப்ரேயாக இல்லாமல் தூளாக வருவதை வாங்கினால் அந்தக் கவலை இல்லை, மூடிய குளியலறையில் மூச்சில் ஏறுவதும் குறையும்.

கேள்வி: சமையல் சோடா போட்டுத் தலை கழுவினால் ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் போகிறது. தொடரலாமா?

வேண்டாம். அதன் பி.எச். 8-க்கு மேல். முடியின் மேலுள்ள செதில்கள் விரிந்து, ஒன்றோடொன்று உரசி, சில வாரங்களில் முடி சொரசொரத்து ஒடியும். இப்போது கிடைக்கும் 'கிறீச்' என்ற சுத்தம், முடி சேதமாவதன் முதல் அறிகுறி.

கேள்வி: வயது 26. இதுவரை இல்லாமல், கடந்த ஆறு மாதமாகத் தலையும் முகமும் எண்ணெய் வழிகின்றன. மாதவிடாய் தள்ளிப் போகிறது, மோவாயில் முடி. எந்த ஷாம்பு நல்லது?

ஷாம்புவை அப்புறம் பார்க்கலாம், முதலில் மகப்பேறு மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பாருங்கள். நீங்கள் சொல்லும் மூன்றும் சேர்ந்தால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பையோடு தொடர்புள்ள ஹார்மோன் கோளாறு) ஆக இருக்க வாய்ப்பு அதிகம். டெஸ்டோஸ்டிரோன் உள்ளிட்ட ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற செயற்கை ஹார்மோன் உள்ள சில கருத்தடை முறைகளும், உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஸ்டீராய்டுகளும் எண்ணெய்ச் சுரப்பைக் கூட்டும். குரல் தடித்தாலோ, சில வாரங்களிலேயே முடி வேகமாக முளைத்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

சுரப்பையே குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. குறிப்பிட்ட கருத்தடை மாத்திரைகள், ஸ்பைரோனோலாக்டோன், கடும் முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் ஆகியவை அப்படிப்பட்டவை. கடைசியாகச் சொன்னது கருவில் இருக்கும் குழந்தைக்குப் பெரும் ஊனத்தை உண்டாக்கும். தலை பிசுபிசுக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் அதை எழுதித் தர மாட்டார்கள். தோழியின் அட்டையிலிருந்து எடுத்துப் போடவும் கூடாது.

கேள்வி: 7 வயது மகளின் தலை பெரியவர்கள் தலை போல எண்ணெய் விடுகிறது. அக்குளிலும் வியர்வை வாடை.

குழந்தைகளுக்கான மருத்துவரிடம் காட்டுங்கள். பருவ வயதுக்கு முன் எண்ணெய்ச் சுரப்பிகள் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்பும், ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்பும் இந்த மாற்றங்கள் வந்தால் ஹார்மோன்களைப் பரிசோதிக்க வேண்டும். பல சமயம் பயப்பட ஒன்றும் இருக்காது, ஆனாலும் அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதே மாற்றம் 12, 13 வயதில் என்றால் அது பருவம். அடிக்கடி தலைக்குக் குளிக்கப் பழக்கினால் போதும்.

கேள்வி: முடி வளர மினாக்சிடில் கரைசல் போடுகிறேன். அன்றிலிருந்து தலை எண்ணெயாகவே இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

மருந்தை நிறுத்தாதீர்கள், வடிவத்தை மாற்றுங்கள். கரைசலில் கலந்திருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் எளிதில் ஆவியாகாது. அந்த ஈரப் பிசுக்குதான் எண்ணெயாகத் தெரிகிறது. சிலருக்கு அரிப்பையும் தரும். நுரை வடிவ மினாக்சிடிலில் பொதுவாக அது இருக்காது, சீக்கிரம் உலரும். கரைசலையே தொடர்வதானால் ஒரு வேளைக்கு 1 மி.லி. மட்டும், முடியைப் பிரித்துத் தோலில் விடுங்கள். கூடுதலாக விட்டால் முடி கூடுதலாக வளராது, பிசுக்குத்தான் கூடும். இரவு வேளை மருந்தைப் படுப்பதற்கு 2 முதல் 4 மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தலையணை உறையில் ஒட்டி, அங்கிருந்து கன்னத்துக்கு வந்து, அங்கேயும் முடி முளைக்கலாம்.